எழுத்து போட்டாச்சு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. ஒரு வியாழக்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு, மில் காலனி முக்கில் இருக்கிற டீக்கடையில், லாரி டிரைவர் சுடலைமணி ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து முதல் இழுப்பு இழுத்தார். இழுத்த அந்த நொடியில், அவர் முழங்காலுக்குக் கீழே, கைலிக் கரை உயரத்தில், அந்தரத்தில் வெள்ளை வெளேரென்று எழுத்து வந்து நின்றது. 'புகை பிடித்தல் புற்றுநோயை உண்டாக்கும், உயிரைக் கொல்லும்' என்று ஒரே வரி, சுற்றிலும் கறுப்பு ஓரம் கட்டி, டிவியில் வருமே, அச்சு அசல் அதே எழுத்து.

கடைக்காரர் கையிலிருந்த டீ ஆற்றும் குவளை அப்படியே நின்றுவிட்டது. சுடலைமணி குனிந்து பார்த்து, "ஐயோ, என்னடா இது!" என்று சிகரெட்டை உதறினார், எழுத்து போய்விட்டது, எடுத்து வாயில் வைத்தார், எழுத்து வந்துவிட்டது, நகர்ந்து பார்த்தார், குதித்துப் பார்த்தார், முதுகைக் காட்டித் திரும்பி நின்று பார்த்தார், எந்தப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்கும் எழுத்து நேராகத்தான் தெரிந்தது. பால் வாங்க வந்திருந்த சண்முகக்கனி, கையில் பிடித்திருந்த எட்டு வயது மகன் சஞ்சித்தை இழுத்து முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். அவனோ முந்தானையை விலக்கி, ஒரு எழுத்து பிசகாமல் வரியைக் கடகடவென்று வாசித்துவிட்டு, "மாமா, எழுத்து போட்டாச்சு. இனி நீங்க பிடிக்கலாம்" என்றான்.

அத்தனை பேர் பேயறைந்து நின்ற இடத்தில் பயப்படாமல் நின்றது அந்தப் பொடியன் ஒருத்தன்தான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், சிரித்ததில் கொஞ்சம் தைரியம் வந்தது, சுடலைமணி மிச்சத்தையும் இழுத்து முடித்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் காலனி முழுக்க எழுத்தாகிவிட்டது. ஹெல்மெட் போடாமல் பைக்கில் போனவன் சக்கரத்தோடு கூடவே 'தலைக்கவசம் உயிர்க்கவசம்' ஓடியது. டாஸ்மாக் வாசலில் வரிசை கட்டி நின்றவர்களுக்கு வரிசையாக 'மது அருந்துதல் உடல்நலத்திற்குக் கேடு' என்று வந்து, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, யாருடைய எழுத்து யாருடையது என்று தெரியாமல் போயிற்று. கல் வெட்டியெடுத்த கல்கிடங்கில் தேங்கின தண்ணீரில் தலைகீழாகக் குதித்த பையன்களுக்கு 'இதை வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்' என்று வந்தது. ஓட்டுக் கேட்க வந்த வார்டு உறுப்பினர் வாயைத் திறந்து "வீட்டுக்கு வீடு தண்ணி" என்றதும் பொடி எழுத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி, 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று வர, அந்த ஆள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனார். மாப்பிள்ளை வீட்டைப் பற்றிப் பேச வந்த கல்யாணத் தரகருக்கும் அதே பொடி எழுத்துதான்.

பழி யார்மேல் விழும்? கேபிள்காரர் மரியசெல்வத்தின் மேல் விழுந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "என் லைன்ல வர்றது பெட்டிக்குள்ள மட்டும்தாங்க வரும், ரோட்டுல எல்லாம் வராது" என்றார், கேட்டால்தானே? கம்பத்தில் ஏற்றி மூன்று நாள் கேபிளைக் கழற்றிப் போடவைத்தார்கள். எழுத்து நிற்கவில்லை, எட்டு மணி சீரியல்தான் நின்றது. நாலாம் நாள் பெண்கள் திரண்டு போய், எழுத்து இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அந்த மருமகள் கோர்ட்டில் என்ன சொன்னாள் என்று எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும் என்று சண்டை பிடித்ததில், மரியசெல்வம் மறுபடியும் கம்பத்தில் ஏறினார்.

அப்புறம் என்ன, பழகிப்போயிற்று. மனுஷ ஜென்மம் எதற்குத்தான் பழகாது? முதல் வாரம் வெட்கப்பட்டவர்கள் இரண்டாம் வாரம் துண்டைத் தொங்கவிட்டு மறைத்தார்கள், மூன்றாம் வாரம் அதையும் விட்டார்கள். எழுத்து யாரையும் கடிக்கவில்லை, அபராதம் போடவில்லை, சும்மா வந்து நின்றுவிட்டுப் போயிற்று. சஞ்சித் டீக்கடையில் சொன்னதையே பெரியவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். "அதான் எழுத்து போட்டாச்சுல்ல" என்பது மில் காலனியில் ஒரு பேச்சாகிவிட்டது. கூடவே ஒரு மரியாதையும் உண்டாயிற்று: ஒருத்தரோடு பேசும்போது முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும், இடுப்புக்குக் கீழே கண்ணை இறக்கக் கூடாது. இறக்கினால் அது எச்சில் கையோடு அடுத்தவர் இலையைத் தொட்ட மாதிரி.

இந்த மரியாதையால் மற்ற எல்லோரையும்விட ஆறுதல் அடைந்தவள் சண்முகக்கனிதான். ஏனென்று சொல்கிறேன்.

அவள் கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடுகிறவள். புருஷன் ஜெயமுருகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். மூத்தவள் நிவேதிகா எட்டாம் வகுப்பு, இளையவன் சஞ்சித் மூன்றாம் வகுப்பு. தான் வேலைக்குப் போய்விடுகிறோமே, பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லித்தர ஆளில்லையே என்று சண்முகக்கனிக்கு ஒரு கவலை இருந்தது. அந்தக் கவலையைத் தீர்த்தது டிவிதான். சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரு பஞ்சு யானைப் பொம்மை வந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்லும். பொய் சொன்ன நரி, திருடின குரங்கு, பகிர்ந்து தின்ற அணில் என்று தினம் ஒரு கதை. முடிவில் தும்பிக்கையைத் தூக்கி, "இன்னைக்கு என்ன கத்துக்கிட்டோம், செல்லங்களா?" என்று கேட்கும். இரண்டு பிள்ளைகளும் தட்டில் இருக்கிற உப்புமாவைப் பிசைந்துகொண்டே, "பொய் சொல்லக் கூடாது" என்று ராகம் போட்டுச் சொல்லும். அடுப்படியிலிருந்து அதைக் கேட்கும்போது சண்முகக்கனிக்கு மனசு பூரித்துப்போகும். பெட்டி இருக்கிற வீட்டில் பிள்ளை கெட்டுப்போகாது என்று கம்பெனியில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். சஞ்சித் எழுத்துக் கூட்டிப் படித்ததும் டிவியில்தான், கீழே ஓடுகிற வரிகளைப் பார்த்து.

யானை போனதும் சீரியல் வரும். சஞ்சித்துக்கு நாலு வயசாயிருக்கும்போது ஒரு நாள் சீரியலில் ஒருத்தன் பெண்டாட்டியைப் பளாரென்று அறைந்தான். பிள்ளை வீலென்று அழுதது, அழுகையை நிறுத்தவே முடியவில்லை. சண்முகக்கனி அவனை மடியில் போட்டுத் தட்டி, "அழாதலே ராசா. கீழே எழுத்து போட்டிருக்கான் பாரு. எழுத்து போட்டா அது சும்மா. யாருக்கும் வலிக்காது" என்று சமாதானம் செய்தாள். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுத்தைப் பார்த்தது. அப்புறம் அழவே இல்லை. அவளும் அதை அன்றைக்கே மறந்துபோனாள்.

ஜெயமுருகன் அடிக்கிற ஆள். குடித்துவிட்டு அடிக்கிறவனில்லை, அதுதான் கொடுமை. தெளிவாக இருந்து, சாப்பாட்டில் உப்புக் கூடியதற்கும், போனை எடுக்கத் தாமதமானதற்கும், கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு, நிதானமாக அடிக்கிறவன். எழுத்து வந்த இரண்டாம் நாள் கதவு தாழ் போட மறந்துவிட்டது. அவன் கையை ஓங்கினான், கைலிக்குக் கீழே பளிச்சென்று 'பெண்களுக்கு எதிரான வன்முறை சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்' என்று வந்தது, எதிர்வீட்டு பாக்கியசெல்வி கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலில் நின்று அதை வாசித்தாள். ஜெயமுருகனுக்கு முகம் செத்துப்போயிற்று. மூன்று வாரம் வீட்டில் சத்தமே இல்லை. ஆஹா, தெய்வம் கண் திறந்துவிட்டது என்று சண்முகக்கனி மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டாள்.

நாலாம் வாரம் மறுபடி அடி விழுந்தது. இந்தத் தடவை அவன் எழுத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டான், வந்துவிட்டதா என்று. வந்துவிட்டது. "அதான் போட்டாச்சுல்ல" என்று சொல்லிவிட்டு அடித்தான். முன்பெல்லாம் அடித்த பிறகு ஒரு மணி நேரமாவது மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பான். இப்போது கையைக் கழுவிவிட்டு உடனே சாப்பிட உட்கார்ந்தான். முன்பு சாத்துகிற கதவையும் சாத்துவதில்லை. மூலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சஞ்சித் எழுத்தை ஒரு தரம் நிமிர்ந்து வாசித்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டான்.

மறுநாள் கம்பெனியில் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கெட் ஒட்டுகிறவள், "என்னக்கா, புருவத்துல வீக்கமா இருக்கு?" என்று கேட்டாள். பதினைந்து வருஷமாகச் சொல்லிப் பழகின வார்த்தை, தானாக வாயில் வந்தது. "குழாயடியில வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள் சண்முகக்கனி. சொல்லி முடிக்கவில்லை, மடித்து உட்கார்ந்திருந்த அவள் முழங்காலுக்குக் கீழே, வெல்லப் பாகு சிந்தின தரைக்கு மேலே, எழுத்து வந்தது: 'இக்கதையில் வரும் சம்பவங்கள் அனைத்தும் கற்பனையே. யாரையும் குறிப்பிடுவன அல்ல.'

தான் ஒரு தப்பும் செய்யாதவள், தன் காலடியில் ஒருநாளும் எழுத்து வராது என்று அதுவரை இறுமாந்திருந்தவள் அவள். அங்கே உட்கார்ந்திருந்த பதினெட்டுப் பெண்களும் முகத்தை மட்டும் பார்த்தார்கள். கேட்டவள்கூட, "பாத்து நடக்கக் கூடாதாக்கா" என்று சொல்லிவிட்டுப் பாக்கெட்டை எடுத்தாள். என்னத்தைச் சொல்ல, அந்த மரியாதை அவளைக் காப்பாற்றிற்று. அதிலிருந்து அவள் விழுந்துகொண்டே இருந்தாள், குழாயடியில், பஸ் படியில், கம்பெனி வாசலில். எழுத்து வந்துகொண்டே இருந்தது, எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

வீட்டில் நிவேதிகா மட்டும் ஒரு நாள் கேட்டுவிட்டாள். பாக்கியசெல்வியிடம் அம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உனக்கு மட்டும் கற்பனைன்னு போடுது?" என்றாள். "போய்ப் படிக்கிற வழியைப் பாருட்டி" என்று சண்முகக்கனி எரிந்து விழுந்தாள். அந்தப் பெண் அப்புறம் கேட்கவில்லை. பதின்மூன்று வயசுப் பிள்ளை, கேட்காமல் இருக்கப் பழகினால் எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

ஆச்சா. இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், யானைப் பொம்மை போய், "நாம எல்லாரும் ஒத்துமையா இருக்கணும்" என்று இரண்டு பிள்ளைகளும் ராகம் போட்டு முடித்த கையோடு, ரிமோட்டுக்குச் சண்டை வந்தது. பிள்ளைகளென்றால் சண்டை வரத்தான் செய்யும் என்று சண்முகக்கனி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

சஞ்சித் கையை ஓங்கிக்கொண்டு நின்றான். உடனே அடிக்கவில்லை. அப்பாவைப் போலவே தன் காலடியைக் குனிந்து பார்த்தான். அவனுடைய டவுசருக்குக் கீழே, ஒல்லிக் கால்களுக்கு முன்னால், எழுத்து வந்து நின்றதும், பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி சொல்வதுபோல உரக்க, "பெண்களுக்கு எதிரான வன்முறை சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்" என்று முழுசாக வாசித்தான். வாசித்து முடித்துவிட்டுப் பளாரென்று அக்கா கன்னத்தில் வைத்தான். கையில் ரிமோட் இருந்தது. கன்னத்து எலும்பில் பட்டு ரத்தம் கன்றிவிட்டது. நிவேதிகா அழவுமில்லை, திருப்பி அடிக்கவுமில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள், எப்படி உட்கார வேண்டும் என்று ஏற்கெனவே பார்த்து வைத்திருந்த மாதிரி.

"ஏலே பாவி!" என்று ஓடிவந்து அவனைப் பிடித்து உலுக்கினாள் சண்முகக்கனி. அவனுக்கு நிஜமாகவே ஒன்றும் விளங்கவில்லை. "எழுத்து போட்டப்புறம்தானம்மா அடிச்சேன்" என்றான். கட்டிலில் சாய்ந்திருந்த ஜெயமுருகன், "விடுளா, ஆம்பளப் பய" என்று சொல்லிச் சிரித்தான்.

அவள் அப்போதாவது ஏதாவது செய்திருக்கலாம். செய்யவில்லை. உறைந்துபோன மனசு பழைய தடத்திலேயே நடந்தது. கன்னத்துக்கு ஐஸ் கட்டியை ஒற்றிக்கொண்டே மகளிடம் மெதுவாக, "நாளைக்கு ஸ்கூல்ல கேட்டா, படியில விழுந்துட்டேன்னு சொல்லிரு, என்ன?" என்றாள். நிவேதிகா சரி என்று தலையாட்டினாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் வந்து ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுகிற நாள். எட்டாம் வகுப்பில் பெஞ்சு பெஞ்சாகத் தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள், பாக்கியசெல்வியும் இருந்தாள். அம்மாவோடு ஒட்டிக்கொண்டு சஞ்சித்தும் வந்திருந்தான். வகுப்பாசிரியை பெர்சிஸ் டீச்சர் கார்டைக் கொடுக்க நிமிர்ந்தவர், நிவேதிகாவின் கன்னத்தைப் பார்த்துப் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்னம்மா இது கன்னத்துல?"

"படியில விழுந்துட்டேன் டீச்சர்" என்றாள் நிவேதிகா. குரல் தடுமாறவில்லை, கண் தாழவில்லை. அம்மா சொல்வதுபோலவே, கடைசியில் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

அவளுடைய நீலப் பாவாடைக்குக் கீழே, வெள்ளை சாக்ஸுக்கு முன்னால், எழுத்து வந்தது. 'இக்கதையில் வரும் சம்பவங்கள் அனைத்தும் கற்பனையே. யாரையும் குறிப்பிடுவன அல்ல.'

சண்முகக்கனி மரியாதையை மீறிக் கீழே பார்த்தாள். பதினைந்து வருஷம் தான் சொன்ன வார்த்தை, தன் காலடியில் கிடந்த அதே எழுத்து, ஒரு புள்ளி குறையாமல் மகள் காலடிக்கு வந்துவிட்டது. மூக்குத்தியை, ஒரு ஜோடிக் கம்மலை, கல்யாணப் பட்டுப் புடவையை இந்தப் பெண்ணுக்கென்று எடுத்து வைத்திருந்தாள். அதெல்லாம் பெட்டியில் இருக்க, இது எடுத்துக் கொடுக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டது. ஐயோ, ஐயோ, என் பிள்ளை என்று மனசு உள்ளுக்குள் அலறியது. அந்த அறையில் இருந்த அத்தனை தாய்மார்களும் நிவேதிகாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெர்சிஸ் டீச்சரும் முகத்தை மட்டும் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார்.

"இல்ல டீச்சர்" என்றாள் சண்முகக்கனி.

எழுந்து நின்றாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "அவ விழல. இவன் அடிச்சான், இவ தம்பி. இவனுக்கு அவன் அப்பாவைப் பாத்துப் பழக்கம். அவரு என்னை அடிப்பாரு. பதினஞ்சு வருஷமா அடிக்காரு. நான் எங்கேயும் வழுக்கி விழல. விழுந்தேன்னு சொல்லச் சொல்லி இவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்."

சொல்லிவிட்டு, எழுத்து வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் அது நடந்தது. மில் காலனியின் அத்தனை நாள் மரியாதையும் உடைந்து, அறையில் இருந்த அத்தனை தலையும் ஒரே சமயத்தில் குனிந்தது. பாக்கியசெல்வி குனிந்தாள், பெர்சிஸ் டீச்சர் மேஜையைச் சுற்றி எழுந்து வந்து குனிந்தார். சிமெண்டுத் தரை. சாக்பீஸ் தூள். சண்முகக்கனியின் தேய்ந்த செருப்பு, புடவைக் கரை. வேறொன்றும் இல்லை. ஒரு எழுத்து, ஒரு புள்ளி இல்லை.

சஞ்சித் தரையில் மண்டி போட்டு, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பார்த்தான், பின்பக்கம் போய்ப் பார்த்தான். "அம்மா, உனக்கு ஒண்ணுமே போடலையே" என்றான்.

"போடாதுலே."

"ஏன்?"

"இது கதையில்ல. நடந்தது."

"அப்பா அடிச்சதா?"

"ஆமா."

"அதுக்குத்தான் எழுத்து போடுதே?" அவன் குரலில் பிடிவாதம் இருந்தது. "எழுத்து போட்டா சும்மாத்தான்னு நீதான சொன்ன?"

நாலு வயசுப் பிள்ளையை மடியில் போட்டுத் தட்டின அந்தச் சாயங்காலம் அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எட்டு வயசுப் பயலிடம் பொய் சொல்லித் தப்பிக்க இனி வழியில்லை. "நான் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன்லே" என்றாள். "எழுத்து போட்டாலும் அடி அடிதான்."

எழுத்தைக் கண்டு ஊரே நடுங்கினபோது நடுங்காத அந்தப் பையனுக்கு, இப்போது உதடு நடுங்கியது. அம்மாவின் புருவத்தில் இருந்த பழைய தழும்பை, தினம் பார்க்கிற முகத்தில் இன்றைக்குத்தான் முளைத்த மாதிரிப் பார்த்தான்.

"அப்ப உனக்கு வலிச்சுதா?"

"வலிச்சுதுலே" என்றாள் சண்முகக்கனி. "ஒவ்வொரு தடவையும் வலிச்சுது."

பெர்சிஸ் டீச்சர் போனை எடுத்து மகளிர் காவல் நிலையத்து நம்பரைத் தேட ஆரம்பித்தார். பாக்கியசெல்வி எழுந்து வந்து சண்முகக்கனியின் தோளைப் பிடித்து, "இன்னைக்கு மூணு பேரும் எங்க வீட்டுல இருங்க மதினி. நான் பாத்தேன்னு நானும் வந்து சொல்லுதேன்" என்றாள்.

சஞ்சித் அதையெல்லாம் கேட்கவில்லை. அக்காவுக்கு முன்னால் போய் நின்றான். அவள் கன்னத்தைத் தொடக் கையைத் தூக்கினான், தூக்கின கையைப் பார்த்துத் தானே பயந்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"அக்கா" என்றான். "உனக்கு?"

நிவேதிகா முதலில் தன் காலடியைக் குனிந்து பார்த்தாள். அந்தக் கற்பனை வரி இன்னும் போகாமல் சாக்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது.

"வலிச்சுதுலே" என்றாள்.

தரை வெறுமையாக இருந்தது.